பால் குடித்த மீட்டர்

1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊர் ஊராக டம்ளரும் ஸ்பூனுமாய்க் கோயில் வாசலில் வரிசை நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? இளம் தாய்மார்களுக்குத் தெரிந்திருக்காது. அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். பிள்ளையார் குடித்தாரோ இல்லையோ, பிள்ளையார்பட்டிக்குப் போய்த் திரும்பும் வழியில் எங்கள் கார் பால் குடித்தது. என் கண்ணால் பார்த்தேன். குடிக்கக் கொடுத்தவளும் நானேதான்!

நடந்தது இதுதான். குன்றக்குடி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சின்னவளுக்கு ஃபிளாஸ்கிலிருந்து பால் ஊற்றினேன். ஒரே சூடு. ஆறட்டுமே என்று டம்ளரை ஸ்டியரிங்குக்கு எதிரே மீட்டருக்கு மேல் இருக்கும் மேட்டில் வைத்தேன். அதற்குள் பெரியவன், "அம்மா, பாத்ரூம்!" என்று ஆரம்பித்தான். காரைக்குடி பத்துக் கிலோமீட்டர்தானே, வீட்டுக்கே போய்விடலாம் என்று அவசர அவசரமாக வண்டியைக் கிளப்பினேன். டம்ளரைச் சுத்தமாக மறந்துவிட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. முக்கால் டம்ளர் பால், சர்க்கரை போட்ட பால், மீட்டர் கண்ணாடிக்கு மேல் இருக்கும் இடுக்கு வழியாக உள்ளே போயிற்று.

துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. முள் ஒழுங்காகத்தான் ஆடியது. அப்பாடா என்று இருந்தேன். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால், வேக முள் தானாக எண்பதுக்கு ஏறி இறங்குகிறது. பெட்ரோல் முள் படுத்துவிட்டது. கிலோமீட்டர் காட்டும் சின்னத் திரை கறுப்பு. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகி, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றுகொண்டிருக்கிறது.

ஓடுகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நமக்கெல்லாம் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மீட்டர் வேகம் மட்டுமா காட்டுகிறது? இன்ஜின் கொதிக்கிறது என்றால் அதில்தான் சிவப்பு விளக்கு எரியும். ஆயில் அழுத்தம் குறைந்தால், பிரேக் ஆயில் இறங்கினால், ஏர்பேகில் கோளாறு என்றால், எல்லாத் தகவலும் அந்தப் பலகைக்குத்தான் வருகின்றன. அது இருண்டு கிடக்கும்போது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மதுரை வரை போவது, கண்ணைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிற மாதிரி. கார் என்றால் வேகம் காட்டும் கருவி இருந்தாக வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன.

எப்படி எண்ணுகிறது?

தூரத்தை எண்ணும் கருவி நேற்று முளைத்ததல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர், வண்டிச் சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழுகிற ஏற்பாடு ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். ஊர் போய்ச் சேர்ந்ததும் கல்லை எண்ணினால் தூரம் தெரியும். நம் பாட்டிமார் பால்காரருக்குச் சுவரில் கரிக்கோடு போட்டது போலத்தான்.

அம்பாஸடர், பத்மினி காலத்து வண்டிகளில் கியர் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வந்து, மீட்டருக்குள் இருக்கும் பற்சக்கரங்களைச் சுற்றும். அவை எண் எழுதிய உருளைகளைத் திருப்பும். பல பழைய வண்டிகளில் ஐந்து இலக்கம்தான். 99,999-க்கு அப்புறம் மறுபடி பூஜ்யம், மறுபிறவி! இப்போது வருகிற வண்டிகளில் கேபிள் கிடையாது. சக்கரத்திலோ கியர் பாக்ஸிலோ உள்ள ஒரு சென்ஸார், இத்தனை சுற்று என்று மின் துடிப்புகளை அனுப்பும். மீட்டர் பலகைக்குள் இருக்கும் சில்லு அதைக் கணக்குப் போட்டு, நினைவுச் சில்லில் எழுதி வைக்கும். பாட்டரியைக் கழற்றினாலும் அந்த எண் அழியாது. சில கார்களில் அதே கணக்கு இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரிலோ வேறு பெட்டியிலோ இன்னொரு பிரதியாகவும் இருக்கும். இந்தப் பிரதி விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த மீட்டர்கள் எங்கேயோ ஜப்பானில்தான் செய்யப்படுகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் கோயமுத்தூரிலேயே 1970-களிலிருந்து செய்கிறார்கள். ப்ரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற பெயர் சுருங்கித்தான் 'பிரிக்கால்' ஆயிற்று. மோட்டார் சைக்கிளில் நாம் பார்க்கும் மீட்டர்களில் எத்தனையோ அங்கிருந்து வந்தவை.

களிம்பும் காரும்

தெருக்கோடி மெக்கானிக் தம்பி மீட்டரைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். பச்சைப் பலகையில் செம்புக் கோடுகள். அவற்றின் மேல் ஒரே பிசுபிசுப்பு, இரண்டு மூன்று இடத்தில் நீலப் பச்சையாக ஏதோ பூத்திருந்தது.

"பாத்தீங்களாக்கா, களிம்பு!" என்றார்.

களிம்பைப் பற்றி நமக்கா சொல்ல வேண்டும்? ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை ஊற்றி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான். பால் புளித்தால் அமிலம். அதில் உப்பும் ஈரமும் உண்டு. மேற்கொண்டு மின்சாரம் வேறு ஓடுகிறது. செம்பு கரைய இன்னும் என்ன வேண்டும்? உலோகத்தை அரிப்பு எப்படித் தின்கிறது என்று ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்தது, எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அந்த மதில் ஓரமாகத் தினம் போய்வருகிற எனக்கு, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை!

உங்கள் வண்டியில் இப்படிக் கொட்டிவிட்டால் ஓட்டிப் பார்க்காதீர்கள். இன்ஜினை நிறுத்தி, பாட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். ஹேர் டிரையரால் ஊதுவது, வெயிலில் காய வைப்பது எல்லாம் வேண்டாம். காய்ந்தால் தண்ணீர் போகும், சர்க்கரையும் உப்பும் உள்ளேயே தங்கிவிடும். அன்றைக்கோ மறுநாளோ மீட்டரைத் திறந்து, எலெக்ட்ரானிக் பலகைக்கென்று இருக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். நான் ஒரு ராத்திரி தாமதித்தேன், காலையில் சாவியையும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் தப்பு.

பால் மட்டுமல்ல எதிரி. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் எலி ஒயரைக் கடிக்கும். ஜம்ப் ஸ்டார்ட் போடும்போது சிவப்பு, கறுப்பு ஒயர் மாறினால் போகும். கண்டபடி ஒயரை வெட்டி ஸ்பீக்கரும் விளக்கும் மாட்டினாலும் ஆபத்துதான். சில சமயம் தயாரிப்பிலேயே குறை இருக்கும். 2025 நவம்பரில் மாருதி சுசூகி நிறுவனம், மீட்டர் பலகையில் பெட்ரோல் அளவு தவறாகக் காட்டக்கூடும் என்று 39,506 கிராண்ட் விட்டாரா கார்களைத் திரும்ப அழைத்தது. பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது. ஆகவே மீட்டர் பழுது என்றதும் பர்ஸைத் திறக்காதீர்கள். உங்கள் வண்டி மாடலுக்கு அப்படி அழைப்பு ஏதும் உண்டா, வாரன்டி இருக்கிறதா என்று சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸில் முதலில் கேளுங்கள்.

"எத்தனை வச்சிரட்டும்?"

தம்பி கழுவினார், அறுந்த கோடுகளுக்கு மேல் மெல்லிய ஒயர் வைத்துப் பற்றவைத்தார். உயிர் வந்துவிட்டது! திரையில் எண் தெரிந்தது: 61,483. என்னவோ தோன்றி, செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தேன். ரிப்பேருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார், கொடுத்தேன். பழைய பலகையையே ரிப்பேர் செய்வதில் ஒரு நிம்மதி என்னவென்றால், நினைவுச் சில்லு அதேதான், எண்ணும் அதேதான். யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மறுபடி இருண்டது. அரிப்பு உள்ளே வரை போயிருந்தது. ஆக, இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது அந்த ஒரு போட்டோ. பின்னால் அதன் அருமை தெரிந்தது.

மறுபடி அவரிடமே போய் நின்றேன். தலையைச் சொறிந்தார்.

"இனி போர்டு மாத்தணும்க்கா. கம்பெனில புதுசு பதினாலாயிரம் சொல்லுவாக. மதுரையில காயலான் கடையில சொன்னா நாலாயிரத்துக்கு வரும். எப்பிடியும் அது வேற வண்டியோட கிலோமீட்டர்தான் காட்டும். அதெல்லாம் நான் ஆள் வச்சு மாத்திக் குடுத்துருவேன். எத்தனை வச்சிரட்டும்? இருபத்தஞ்சா, முப்பதா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "அறுபத்தோராயிரம்தானே ஓடியிருக்கு தம்பி?"

"அது உங்களுக்கும் எனக்குந்தானே தெரியும்? வண்டிய விக்கப் போறதா அண்ணன் சொன்னாக. முப்பதுன்னு வச்சா அம்பதாயிரம் கூடப் போகும்க்கா. எல்லாரும் செய்யிறதுதான்."

ஐம்பதாயிரம்! பொய் சொல்லமாட்டேன் சகோதரிகளே, அந்த எண் காதில் விழுந்ததும் மனசுக்குள் ஒரு பட்டியலே ஓடியது. பெரியவனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம், சமையலறைக்குப் புது ஷெல்ஃப்... "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன். உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர். அவர்கள் வீட்டில் பர்மாவில் கொண்டுவிற்ற காலத்துப் பேரேடுகள் இன்னும் மரப்பெட்டியில் இருக்கின்றன. ஆச்சி கேட்டார்: "ஏத்தா, ஏட்டுல தப்பா எழுதிட்டா எங்க ஐயா என்ன செய்வாக தெரியுமா? சுரண்ட மாட்டாக. தப்ப அப்பிடியே விட்டுட்டு, கீழ சரியான வரவு எழுதி, தேதி போடுவாக. சுரண்டின ஏட்ட யாரும் நம்பமாட்டான்."

மீட்டர் மாற்றுவதில் உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கிற நடைமுறையும் ஏறக்குறைய ஆச்சியின் ஐயா முறைதான். அதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

மாற்றலாம், குறைக்கத்தான் கூடாது

பலருக்கு இதில் குழப்பம். மீட்டரை மாற்றுவது குற்றமா? இல்லவே இல்லை. கெட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். வேறு வண்டியின் மீட்டரைப் போட்டு, அதில் நம் வண்டி உண்மையில் ஓடிய தூரத்தை ஏற்றி வைப்பதும் ஏமாற்று வேலை அல்ல. ஓடாத கணக்கைக் காட்டி ஒருவர் தலையில் கட்டுவதுதான் குற்றம்.

நம் நாட்டில் 'ஓடோமீட்டர் சட்டம்' என்று தனியாக ஒன்று கிடையாது. ஆர்.சி.யிலும் கிலோமீட்டர் எழுதுவதில்லை. அதனால் மீட்டர் மாற்றியதற்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. திருத்தம் என்று ஒன்றும் இல்லை. தனிச் சட்டம் இல்லை என்றால் தண்டனையும் இல்லை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஏமாற்றிப் பணம் பறிப்பதற்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 420-ஆம் பிரிவு இருந்தது. நம் சினிமாவில் 'ஃபோர் ட்வென்டி' என்று வசை பாடுவார்களே, அதேதான். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்குப் பாரதீய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு வந்திருக்கிறது. ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ வாங்கினால் ஏழு வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. தெரிந்தே எண்ணைக் குறைத்துக் கொடுத்தவரும் தப்ப முடியாது.

அமெரிக்காவில் 1972-லேயே இதற்கென்று சட்டம் கொண்டுவந்தார்கள். புது மீட்டரில் பழைய எண்ணை ஏற்ற முடிந்தால் ஏற்ற வேண்டும். முடியாவிட்டால் பூஜ்யத்தில் தொடங்கி, டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும்: மாற்றுவதற்கு முன் இத்தனை மைல், மாற்றிய தேதி இது என்று. ஏமாற்றும் நோக்கத்தோடு அந்தச் சீட்டைக் கிழிப்பதும் குற்றம். அப்படியும் அங்கே ஏமாற்று நின்றுவிட்டதா? வருஷத்துக்கு 4,50,000 கார்கள் பொய்யான மைல் கணக்கோடு விற்கப்படுகின்றன என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையே 2002-ல் கணக்கிட்டது. பெரிய கம்பெனிகளும் சறுக்கியிருக்கின்றன. 1987-ல் கிரைஸ்லர் கம்பெனி மீது வழக்கு வந்தது. கம்பெனி அதிகாரிகள் மீட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிய கார்களைப் புதிது என்று விற்றதாக. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள்! தலைவர் லீ ஐயக்கோக்கா பத்திரிகைகளின் முன் நின்று, அது முட்டாள்தனம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

ஜெர்மனியில் 2005 முதல் மீட்டரைத் திருத்துவதே குற்றம். பெல்ஜியத்தில் செய்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. 2006 முதல், பழைய கார் விற்பவர் 'கார் பாஸ்' என்ற சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். சர்வீஸ், டயர் மாற்றம் என்று வண்டி எங்கே நுழைந்தாலும் அன்றைய கிலோமீட்டர் ஓரிடத்தில் பதிவாகிவிடுகிறது. இங்கே அப்படி ஒன்று வரும்வரை நாமேதான் நோட்டுப் போட வேண்டும்.

யார் தலையில் விழும்?

எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டுப் போனவர் தேவகோட்டையில் ஒரு டீச்சர். இரண்டு குழந்தைகள். முதல் கார். முப்பதாயிரம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும்? ஐம்பதாயிரம் அதிகம் கொடுத்திருப்பார், அதோடு போகுமா?

காரில் பல பாகங்களுக்கு ஆயுள் கிலோமீட்டரில்தான். கிளட்ச், ஸ்பார்க் பிளக் எல்லாம் அப்படி. சில இன்ஜின்களில் டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பட்டை உண்டு. கம்பெனி சொன்ன தூரத்தில் அதை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓடி அது அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடும். மீட்டரில் நாற்பதாயிரம், உண்மையில் எழுபதாயிரம் என்றால், 'இன்னும் நேரம் இருக்கிறதே' என்று நம்பிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது அந்த டீச்சர்தானே? அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காலையில் இவரிடம், "கம்பெனியிலேயே போட்டுவிடலாம்" என்றேன். பதினாலாயிரம் என்றதும் மனிதர் பேப்பரை மடித்துவிட்டார்; அப்புறம் சரி என்றார்.

வாங்க வேண்டிய காகிதங்கள்

அடுத்தது நடைமுறை. இதைக் கத்தரித்து ஆர்.சி. உறையிலேயே போட்டு வைத்தாலும் நல்லதுதான்.

மீட்டர் உயிரோடு இருக்கும்போதே எண்ணைப் படம் எடுங்கள். இருண்டுவிட்டதா? கடைசி சர்வீஸ் பில்லில் இருக்கும். பெட்ரோல் போடும்போது எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. முன்பு சொன்னேனே பிரதி என்று, சில மாடல்களில் இன்ஜின் கம்ப்யூட்டரிலிருந்தே கம்பெனி சர்வீஸில் படித்துச் சொல்வார்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள், கேளுங்கள்.

புது மீட்டர் வாங்கும்போது சேஸிஸ் நம்பர் சொல்லித்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பெட்ரோல் வண்டிக்கும் டீசலுக்கும், கீழ் மாடலுக்கும் மேல் மாடலுக்கும் வேறு வேறு. சில கார்களில் திருட்டுத் தடுப்புக்காகச் சாவியின் ரகசிய எண் மீட்டரோடு இணைந்திருக்கும். காயலான் கடை மீட்டரை மாட்டினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. நாலாயிரத்தில் முடியும் என்றது பத்தாயிரத்தில் வந்து நிற்பது இப்படித்தான்.

புதியதில் பழைய எண்ணை ஏற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில கம்பெனிகளின் கருவியில் முடியும், சிலதில் பூஜ்யம்தான். என் வண்டிக்கு வந்தது பூஜ்ய ரகம். சாவியைத் திருப்பினால் ஒன்பது வருஷத்து வண்டி, பிறந்த குழந்தை மாதிரி 0 என்கிறது!

அங்கேதான் விடாப்பிடியாக நின்றேன். பில்லில் 'மீட்டர் அசெம்பிளி - 1' என்று மட்டும் போட்டிருந்தார்கள். "பழைய மீட்டரில் 61,483, புதியதில் 0, இன்ன தேதி, இன்ன காரணம் என்று எழுதுங்கள்" என்றேன். "அதெல்லாம் சிஸ்டத்துல வராது மேடம்." "பேனாவால் எழுதி சீல் வையுங்கள், சார்." போட்டோவைக் காட்டினேன். அரை மணி நேரம் போயிற்று, எழுதிக் கொடுத்தார்கள். ஜாப் கார்டிலும், சர்வீஸ் புத்தகத்திலும், அவர்கள் கம்ப்யூட்டரிலும் பதிவாகச் சொன்னேன். பழைய மீட்டரையும் கேட்டு வாங்கி வந்தேன்; பரணில் இருக்கிறது. கடைசியாக, அமெரிக்கர் மாதிரி டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒரு சீட்டு எழுதி, மேலே டேப் ஒட்டினேன். இங்கே அதைச் சட்டம் கேட்கவில்லை, நானாகத்தான் ஒட்டினேன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போடுங்கள். முக்கியமாக, ஓட்டும் தூரத்துக்கு ஏற்ப பிரீமியம் கட்டும் திட்டம் எடுத்திருந்தால். 2022 ஜூலையிலிருந்து இது வந்திருக்கிறது. அதில் மீட்டர் எண்தான் ஆதாரம். திடீரென்று பூஜ்யம் என்றால், கிளெய்ம் நேரத்தில் கேள்வி வரும்.

சர்வீஸ் கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்குக் கடைசியாக ஆயில் மாற்றியது 58,940-ல். அடுத்தது பத்தாயிரம் தள்ளி 68,940. அதிலிருந்து 61,483-ஐக் கழித்தால், புது மீட்டரில் 7,457 வரும்போது ஆயில் மாற்ற வேண்டும். ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும்.

நீங்கள் வாங்குபவராக இருந்தால்

மீட்டரை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். இருபத்தைந்தாயிரம் ஓடிய வண்டியில் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்காது. ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளக்கிறதா, டிரைவர் சீட்டின் ஓரம் நைந்திருக்கிறதா, அதையும் பாருங்கள். சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தால் உறையைத் தூக்கிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி காப்பி குடித்துவிட்டு நல்ல வார்த்தை சொல்லிப் போகிற இடம் அல்ல இது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2318 என்றால் 2018-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. 2018-ல் வாங்கிய வண்டி, ஓடியது இருபதாயிரம்தான் என்கிறார்கள். நான்கு டயரும் 2022-ல் செய்தவை என்றால், முதல் டயர்கள் எங்கே போயின என்று கேளுங்கள். நியாயமான பதில் இருக்கலாம். கேட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலே, கம்பெனி சர்வீஸில் வண்டி நம்பரைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரம் வாங்கித் தரும்படி விற்பவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். 2021-ல் 48,000, 2023-ல் 31,000 என்று இருந்தால், வண்டி பின்னோக்கி ஓடியிருக்கிறது என்று அர்த்தம்! விற்பனை ஒப்புதல் கடிதத்தில் 'மீட்டரில் உள்ள கிலோமீட்டர் உண்மையானது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த வரியை எழுதத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஏமாந்துவிட்டால்? பழைய கார் வியாபாரியிடம் வாங்கியிருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எங்கள் பகுதிக்குச் சிவகங்கை மாவட்ட ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். தனி ஆள் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால் அவர் வியாபாரி அல்ல. அதற்குப் போலீஸ் புகாரும் சிவில் கோர்ட்டும்தான். எழுதி வாங்கிய அந்த ஒரு வரி அங்கேதான் கை கொடுக்கும்.

விற்றுவிட்டோம். மீட்டரில் 4,217 இருந்தது. கடிதத்தில் 'பழையது 61,483, புதியது 4,217, ஆக மொத்தம் 65,700' என்று எழுதி, சர்வீஸ் பில், போட்டோ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தோம். டீச்சரின் வீட்டுக்காரர் மொத்தத்தைப் பார்த்துவிட்டு எட்டாயிரம் குறைத்துக் கேட்டார். கொஞ்சம் வாடித்தான் போனேன்; ஐந்தில் முடிந்தது. 29, 30 நம்பர் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, பதினான்கு நாளுக்குள் தகவல் கொடுத்துவிட்டோம். வாங்குபவருக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு.

ஒரு மாதம் கழித்து டீச்சர் போன் செய்தார். எனக்குத் திக்கென்றது. வண்டியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது!

"அக்கா, கதவுல ஒட்டியிருந்த சீட்ட சின்னவன் பிச்சுட்டான். அந்தப் பைய அவுக அப்பா எங்கயோ வச்சுட்டாக. வண்டி சர்வீஸ்ல நிக்கிது, பழைய கிலோமீட்டர் எத்தனைன்னு கேக்குறாங்க. உங்ககிட்ட இருக்குமா?"

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். அறுபத்தோராயிரத்து நானூற்று எண்பத்து மூன்று.